ஆருக்குக் கலியாணம்?

"போனுக்கு ஒரு குறையும் இல்ல மனே. ஆனா சனம்தான் என்னை விட்டுவைக்குதில்ல."

பெரியம்மா கதிரையில் உட்காருவதற்கு முன்பே சொன்னது இது. மண்டூரில் காலைப் பாதையில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் களுவாஞ்சிக்குடிக்கு என் கடை தேடி வந்திருந்தார். (பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற படகு. வெளியூர்க்காரர் வீதியைத் தேடி அலைய வேண்டாம்.) அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். ஆகவே கூலி வாங்க முடியாது, தேத்தண்ணியும் நான்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

"ரெண்டு நாளா ஒரே கோல். ஆருக்குக் கலியாணம், ஏன் எங்களுக்கு முன்னமே சொல்லல்ல எண்டு கேக்காங்க. மகளுக்கு இன்னும் ஒரு இடமும் சரிவரல்ல. நான் ஆருக்கு எண்டு சொல்ல?"

அவருடைய வட்ஸ்அப் நம்பரில் இருந்து ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண அழைப்பிதழ் போயிருக்கிறது. கட்டாரில் இருக்கும் மகனுக்கும் போயிருக்கிறது. அவன் பதறிப்போய், தங்கச்சிக்குத் தன்னிடம் சொல்லாமல் நாள் வைத்துவிட்டார்கள் என்று அம்மாவை ஏசியிருக்கிறான். போனை வாங்கிப் பார்த்தேன். அனுப்பியதற்கு அடையாளமே இல்லை. எந்த உரையாடலிலும் அழைப்பிதழ் இல்லை. போன் சூடில்லை, பற்றரி குறையவில்லை, தேவையில்லாத விளம்பரம் ஒன்றும் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்தத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சொன்னால், அன்று காலையில் என் மேசையில் இருந்த ஏழெட்டுப் போன்களில் ஆக நல்ல நிலையில் இருந்தது அதுதான்.

"வட்ஸ்அப் ஏதும் கரைச்சல் தந்ததா பெரியம்மா?"

"வெள்ளிக்கிழமை ஒருக்காத் திரும்ப நம்பர் போடச் சொல்லிக் கேட்டது. மறுகா மகள் போட்டுத் தந்தா. பிறகு சரி."

அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை யாரோ அவருடைய நம்பரை வேறொரு போனில் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவுக்கு வரும் ஆறு இலக்க எண் பெரியம்மாவின் போனுக்குத்தான் வந்திருக்கும். அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. போனுக்குள் இருந்த ஒன்று சொல்லியிருக்கிறது. மகள் திரும்பவும் பதிவு செய்வதற்குள் அவர்களுக்குத் தேவையான நேரம் கிடைத்துவிட்டது. அனுப்பியது அவர்களுடைய போனில் இருந்து என்பதால் பெரியம்மாவின் போனில் அது பதியவும் இல்லை.

நான் தொழிலுக்கு வந்தது 2009இல். அப்போது வைரஸ் என்றால் தெருவில் சண்டை பிடிக்கிற குடிகாரன் மாதிரி. வந்தால் ஊருக்கே தெரியும். கொம்பியூட்டர் தானாக அணைந்து அணைந்து எழும்பும். பென்டிரைவைச் செருகினால் உள்ளே இருந்த போல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடக்கும். போல்டர் மாதிரியே படம் போட்டுக்கொண்டு, 'நியூ போல்டர்' என்ற பெயரில் ஒரு ஈஎக்ஸ்ஈ, அதாவது திறந்தால் ஓடும் நிரல், உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கத்துக்குப் பென்டிரைவ்தான் அன்றைய இணையம். ஆசிரியர்மார் வினாத்தாளைப் பாமினி எழுத்தில் அடித்துக்கொண்டு கொமினிகேசன் கடைக்கு வருவார்கள். அந்தக் கடைக் கொம்பியூட்டரில் செருகி எடுத்த பென்டிரைவ் அடுத்த நாள் பள்ளிக்கூட அலுவலகத்தில். அங்கிருந்து வலயக் கல்வி அலுவலகம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் எனக்கு நல்ல வருமானம்.

வைத்தியமும் லேசு. கோப்புகள் அழிந்திருக்காது, மறைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். அட்ரிப் என்று தொடங்கும் ஒரே வரிக் கட்டளையைக் கறுப்புத் திரையில் அடித்தால் மறைந்த போல்டர்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசிரியருக்கு நான் மந்திரவாதி. முந்நூறு ரூபாய் வாங்குவேன். பென்டிரைவைச் செருகியதும் உள்ளே இருப்பதைத் தானாக ஓடவிடும் வசதியை விண்டோஸ் 7 நிறுத்தியது. பழைய விண்டோஸ்களுக்கும் 2011இல் அதை நிறுத்தும் அப்டேட் வந்தது. அதோடு அந்தத் தொழில் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது.

அதற்கும் முந்திய காலம் இன்னும் வேடிக்கை. 1986இல் லாகூரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் எழுதிய பிரெய்ன் என்ற வைரஸ்தான் ஐபிஎம் கணினிகளுக்கு வந்த முதல் வைரஸ் என்பார்கள். அவர்கள் அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்தார்கள். தங்கள் மருத்துவ மென்பொருளைக் களவாகக் கொப்பி அடிப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். இன்று ஒரு வைரஸ் எழுதுகிறவனிடம் முகவரி கேட்டுப் பாருங்கள்.

மண்டூர் முருகனுக்கு வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள். மந்திரம் கேட்காது, சத்தம் வராது, ஆனால் உள்ளே காரியம் நடக்கும். இப்போதைய வைரஸும் அப்படித்தான். (ஒப்பிட்டதை முருகன் பொறுக்க வேண்டும்.) போனை மெதுவாக்கினால் ஆள் கடைக்குக் கொண்டுபோய்விடுவார், கடைக்காரன் அழித்துவிடுவான், வருமானம் போய்விடும். அதனால் இப்போது அவர்களுக்கும் உங்கள் போன் நன்றாக வேலை செய்ய வேண்டும். 'போன் ஸ்லோ அண்ணா, வைரஸ் போல' என்று வருகிறவர்களின் போனில் பெரும்பாலும் இருப்பது நிரம்பிப்போன மெமரியும் மூவாயிரம் குட்மோர்னிங் படங்களும்தான். உண்மையில் பிடித்திருப்பவர் கடைக்கு வருவதே இல்லை. காய்ச்சலாக இருந்தது இப்போது சீனி வருத்தமாக மாறிவிட்டது.

சரி, பெரியம்மாவின் போனுக்கு வருவோம்.

பழைய செய்திகளைத் தேடியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நம்பரில் இருந்து நாலு நாளுக்கு முன் வந்த அழைப்பிதழ் கிடைத்தது. அதைத்தான் இவர் திறந்திருக்கிறார். கூட வந்த வாசகம் நல்ல தமிழில் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பெல்லாம் மோசடி இங்கிலிசில் வரும், அல்லது கூகுள் மொழிபெயர்த்த கடித்துத் துப்பிய தமிழில் வரும். பார்த்ததும் சிரித்துவிட்டு அழிக்கலாம். இப்போது 'தங்கள் வருகையை அன்புடன் எதிர்பார்க்கிறோம்' என்று அச்சகத்தில் அடித்த மாதிரி வருகிறது. ஒரு சின்ன விசயம் மட்டும் காட்டிக்கொடுத்தது. அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎப் ஆகவோ இருக்க வேண்டும். இதன் வால் ஏபிகே. அதாவது அது ஒரு செயலி. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து நேரடியாக நிறுவும் பொதி.

நிறுவும்போது போன் இரண்டு மூன்று தடவை எச்சரித்திருக்கும். பெரியம்மாவுக்கு அந்தப் பெட்டிகள் எல்லாம் ஒன்றுதான். வலப்பக்கம் இருப்பதை அழுத்தினால் போய்விடும். அப்படிப் போகிற போக்கில் குறுஞ்செய்திகளை வாசிக்க, நம்பர்களைப் பார்க்க, கடைசியில் 'அணுகல்தன்மை' என்ற பெரிய கதவைத் திறக்க, எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெரிய கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டவும், கை நடுங்குபவர்களுக்காகப் பட்டனை அழுத்திக் கொடுக்கவும் ஆண்ட்ராய்டில் வைத்த வசதி அது. நல்ல நோக்கம். ஆனால் திரையில் உள்ளதை வாசிக்கவும் உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் முடிந்த செயலிக்கு வேறென்ன வேண்டும்? இன்று வங்கிக் காசைக் குறிவைக்கும் ஆண்ட்ராய்டு வைரஸ்களில் பெரும்பாலானவை இந்த வழியால்தான் நுழைகின்றன. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல் கூகுள் ஒரு பூட்டுப் போட்டது. வெளியே இருந்து நிறுவிய செயலி இந்த அனுமதியைக் கேட்டால் அந்தப் பட்டன் சாம்பல் நிறத்தில் உறங்கிக் கிடக்கும். உடனே கள்ளனும் ஒரு படி ஏறினான். முதலில் ஒரு சாது செயலி வரும், அது பிளே ஸ்டோரைப் போலவே நடித்து உள்ளே இருந்து இன்னொன்றை நிறுவும். பூட்டு ஏமாந்துவிடும். பிளே ஸ்டோருக்குள்ளேயே வருகிறவையும் உண்டு. அனாட்சா என்ற வைரஸ் பிடிஎப் வாசிக்கும் செயலியாகப் பல தடவை அங்கே வந்திருக்கிறது. முதலில் நல்ல பிள்ளையாகப் பிடிஎப் காட்டும். ஆட்கள் சேர்ந்த பிறகு ஒரு அப்டேட்டில் குணம் மாறும்.

பெரியம்மாவின் போனில் செயலிப் பட்டியலைத் தேடினேன். அழைப்பிதழ் என்று ஒன்றும் இல்லை. பல்சக்கரப் படத்தோடு 'சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று ஒன்று கூடுதலாக இருந்தது. அதைத் தொட்டு அழிக்கப் போனால் திரை தானாகப் பின்னுக்கு வந்தது. திரும்பத் தொட்டேன். திரும்பப் பின்னுக்கு வந்தது. மூன்றாம் தடவை நான் விரலை எடுக்கும் முன்பே வந்துவிட்டது. என் கைக்கு மேல் இன்னொரு கை.

"பேய் பிடிச்ச மாதிரிக் கிடக்கு மனே" என்றார் பெரியம்மா, எட்டிப் பார்த்துக்கொண்டே. அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை.

இணையத்தைத் துண்டித்துவிட்டு, அணைக்கும் பட்டனைப் பிடித்து, சேப் மோட் என்ற பாதுகாப்பு நிலையில் போனை எழுப்பினேன். அந்த நிலையில் போனோடு வந்த செயலிகள் மட்டும்தான் விழிக்கும். பிறகு நிறுவியவை எழும்பாது. பல்சக்கரம் பேசாமல் கிடந்தது. அணுகல்தன்மை அனுமதியைப் பறித்து, நிர்வாகி அனுமதியையும் பறித்து, அழித்தேன். வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட வேறு சாதனம் உண்டா என்று பார்த்து, இரட்டைப் பூட்டுக்கு (இரண்டு படிச் சரிபார்ப்புக்கு) ஒரு பின் நம்பர் வைத்தேன். முக்கால் மணி நேர வேலை. தேத்தண்ணி ஆறிப்போனது.

"பேங்க் ஆப் ஏதும் போட்டிருக்கிறீங்களா?"

"எனக்கெதுக்கு? பாஸ்புக் இருக்கு."

பெருமூச்சு விட்டேன். அந்த நீலப் புத்தகத்துக்கு வைரஸ் ஏறாது. ஆனால் பெரியம்மாவின் நம்பரில் இருந்து போன அழைப்பிதழை நம்பித் திறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அப்போதே எனக்குள் எழுந்தது. அதை அவரிடம் கேட்கவில்லை.

போனைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். கொம்பியூட்டர்க்காரர்கள் தப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கல்முனைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர். கல்யாணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள் எல்லாம் எடுப்பார். வீடியோ வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்று அவருக்குத் தேவை. அதன் விலையைக் கேட்டால் இரண்டு கல்யாணம் சும்மா எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே நம் எல்லோரையும் போலக் கிராக், அதாவது பூட்டு உடைத்த களவுப் பதிப்பு, தேடினார். கிடைத்த சிப் கோப்புக்குப் பாஸ்வேர்ட் 1234. 'அன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும், அது பொய்யாகக் கத்தும்' என்று வழிமுறை வேறு. சும்மா கொடுக்கிற பொருளுக்கு எதற்குப் பாஸ்வேர்ட் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. பூட்டிய பெட்டிக்குள் அன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான்.

நிறுவிய கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி வந்தது. அவரும் நல்லது என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அது அப்டேட் இல்லை. ஸ்டொப் என்றும் டெஜாவு என்றும் சொல்லப்படும் ரான்சம்வெயார் போடுகிற முகமூடி. அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அடியில் ஒவ்வொரு கோப்பாகப் பூட்டிக்கொண்டே போயிருக்கிறது. பெக்கப் வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அன்று செருகியபடியே இருந்தது. அதையும் பூட்டிவிட்டது. ஒவ்வொரு போல்டரிலும் ஒரு கடிதம்: 980 டொலர், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை 490. டொலர் 300 ரூபாய்க் கணக்கில் ஏறக்குறைய மூன்று லட்சம், அவசரத் தள்ளுபடி போக ஒன்றரை லட்சம். புத்தாண்டு சேல் மாதிரி.

இந்த வகைக்கு இரண்டு சாவிகள். பூட்டும் நேரத்தில் தன் தலைமையகத்தோடு இணையத்தில் பேச முடிந்தால் அங்கிருந்து தனிச் சாவி வாங்கும், அதை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. பேச முடியாவிட்டால் தன்னோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டும். அப்படிப் பூட்டியதில் சிலவற்றுக்கு எம்சிசாப்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இலவசக் கருவி உதவும். கடிதத்தின் அடியில் இருக்கும் அடையாள எண் டி1 என்று முடிந்தால் அது பொதுச் சாவி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய எண்ணின் வாலைப் பார்த்தேன். டி1 இல்லை. மழை வந்தால், காற்றடித்தால், காகம் உட்கார்ந்தால் அறுந்துபோகிற நம்முடைய இணையம் அன்றைக்கென்று கல்லுப்போல வேலை செய்திருக்கிறது.

ஆனால் ஒரு விசயம் கைகொடுத்தது. இந்த வைரஸுக்கு அவசரம் அதிகம். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். இரண்டு ஜிகாபைட் வீடியோவில் 150 கிலோபைட் என்பது ஒரு செக்கனுக்கும் குறைவு. அதே கமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டினால், தலை போன வீடியோவுக்குப் புதுத்தலை வைக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு இரவு கண் விழித்தோம். தாலி கட்டுகிற காட்சி முதலில் எழும்பியபோது நண்பர் கையெடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளைக்குக் கூட அவ்வளவு சந்தோசம் இருந்திருக்காது. எக்ஸெல் கோப்புகள் மட்டும் தப்பவில்லை. அவை 150 கிலோபைட்டுக்குள் முழுசாக அடங்கிவிடும் சின்னக் கோப்புகள். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அதற்குள்தான் இருந்தது. கல்முனையில் சில பேர் அந்த வைரஸுக்கு இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவர்கள்.

செருகியே வைத்திருக்கிற பெக்கப் பெக்கப்பே இல்லை என்பதை நண்பர் ஒன்றரை லட்சம் கொடுக்காமலே படித்தார். நம்முடைய அரசாங்கமும் படித்தது. 2023 ஓகஸ்டில் அரசாங்க கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்கியதில், அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளுக்கு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. அந்த மாதங்களுக்குப் பெக்கப் இல்லை.

என் மருமகனின் கதை வேறு. அக்காவின் மகன், உயர்தரம் எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஊர்க் கிரிக்கெட் கழகத்தின் பேஸ்புக் பக்கம் அவன் பொறுப்பு. விவரமான பொடியன். இரட்டைப் பூட்டு, நீளமான பாஸ்வேர்ட் எல்லாம் வைத்திருந்தான். ஒரு நாள் காலையில் பார்த்தால் பக்கத்தின் பெயர் மாறி, சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பாஸ்வேர்ட் கேட்டதாகவோ குறியீட்டு எண் வந்ததாகவோ ஒன்றும் இல்லை.

கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் சொன்னான். படம் இறக்கப் போன தளத்தில் 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கச் சொன்னது. வழக்கமான பெட்டிதான். ஆனால் மோட்டார் சைக்கிள் படங்களைத் தெரிவு செய்யச் சொல்வதற்குப் பதில், விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கண்ட்ரோலும் வியும் அழுத்து, பிறகு என்டர் அடி என்றது. அடித்தான். ரோபோ இல்லை என்று நிரூபிக்க ரோபோ மாதிரியே சொன்னதைச் செய்திருக்கிறான்.

அந்தப் பெட்டியைத் தொட்டபோதே தளம் அவனுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையைக் கொப்பி பண்ணி வைத்துவிடும். மிச்சம் மூன்று பட்டனும் அந்தக் கட்டளையைத் தன் கையாலேயே ஒட்டி ஓடவிடும் வேலை. ஆள் தானே செய்வதால் அன்டிவைரஸ் பல நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். 2024இல் இருந்து இந்தத் தந்திரம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. கிளிக்பிக்ஸ் என்று பெயர். வருகிறது பெரும்பாலும் லும்மா போன்ற ஒரு களவாணி. மாதம் 250 டொலரில் இருந்து வாடகைக்குக் கிடைக்கும் என்று விற்றார்கள். அன்டிவைரஸுக்கே சந்தா கட்டாத ஊரில் வைரஸுக்குச் சந்தா கட்டுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். 2025 மார்ச் 16க்கும் மே 16க்கும் இடையில் மட்டும் லும்மா பிடித்த விண்டோஸ் கணினிகள் 394,000க்கு மேல் என்று மைக்ரோசொப்ட் சொன்னது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அதன் சுமார் 2,300 இணைய முகவரிகளையும் முடக்கினார்கள். கொஞ்ச வாரங்களில் திரும்ப எழும்பிவிட்டது.

மருமகனுக்கு விளங்காதது இரட்டைப் பூட்டு ஏன் காப்பாற்றவில்லை என்பது. கார்னிவலுக்குப் போனால் வாசலில் டிக்கட் வாங்கி, கையில் ஒரு சீல் குத்தி விடுவார்கள் அல்லவா? பிறகு வெளியே போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தாலும் சீலைக் காட்டினால் போதும், டிக்கட் கேட்க மாட்டார்கள். பிரவுசர் வைத்திருக்கும் குக்கீ அந்தச் சீல். லும்மா திருடியது டிக்கட்டை இல்லை, சீலை. அதைத் தன் கையில் குத்திக்கொண்டு வந்தவனிடம் வாசல்காரன் பாஸ்வேர்டும் கேட்கவில்லை, குறியீட்டு எண்ணும் கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றுவதோடு, 'எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்தினால்தான் பழைய சீல்கள் செல்லாமல் போகும். அதுவும் சுத்தமான வேறொரு போனில் இருந்து. மருமகன் அதே லெப்டொப்பில் இருந்தே பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். கள்ளனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு புதுப்பூட்டு வாங்கிப் போட்ட கதை.

இதை எல்லாம் எழுதும்போது ஒன்றை மறைத்தால் எனக்கே சரியாகப் படாது. களுவாஞ்சிக்குடி தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் எத்தனை கொம்பியூட்டர்களுக்கு நான் களவு விண்டோஸ் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. போட்டுவிட்டு முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்திவிடுவேன். விட்டால் டேட்டாவைத் தின்னும், களவு பிடிபடும். 2017 மே 12இல் வன்னாக்கிரை என்ற ரான்சம்வெயார் வந்தபோது அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. யார் போட்டார்கள்? அந்தக் கிழமை முழுக்கக் கடைக்கு வந்த ஒவ்வொரு கோலுக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. இங்கே யாருக்கும் வரவில்லை. என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் நின்றுவிட்டது. கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய பழைய லெப்டொப்களில் பலவற்றுக்கு விண்டோஸ் 11 ஏறாது. வெறும் பிரவுசர் பாவிப்பவர்களுக்கு இப்போது லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். முதல் கிழமை ஏசுவார்கள், இரண்டாம் கிழமை மறந்துவிடுவார்கள்.

இளந்தாரிகளிடம் ஜிபி வட்ஸ்அப், எப்எம் வட்ஸ்அப் மாதிரி மாற்று வட்ஸ்அப்களை அழிக்கச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். நீல டிக் காட்டாமல் வாசிக்கலாமாம். எப்எம் வட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள் டிரையாடா என்ற வைரஸ் இருந்ததை 2021இலேயே காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது. அது குறுஞ்செய்திகளையும் வாசிக்கக்கூடியது. நீல டிக்கை மறைக்க ஓடிபியைக் கொடுப்பது என்ன கணக்கோ. இன்னொன்று, போட்டோ கலரி. வெளிநாட்டுக்குப் போக என்று பாஸ்போர்ட், அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சில பேர் ஏடிஎம் அட்டையின் இரண்டு பக்கமும் கலரியில் படமாக வைத்திருப்பார்கள். படத்தில் உள்ள எழுத்தை வாசித்து, கிரிப்டோ பணத்தின் இரகசியச் சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற வைரஸைப் பற்றி 2025 பெப்ரவரியில் வெளியே சொன்னார்கள். ஐபோன் ஸ்டோரிலும் இருந்தது. கிரிப்டோவைத் தேடுகிறவனுக்கு அடையாள அட்டையைத் தேட எவ்வளவு நேரம் ஆகும்?

பெரியம்மாவின் போனைத் திருத்திக் கொடுத்து மூன்றாம் நாள் தம்பிலுவிலில் இருந்து ஒரு கோல். பெரியம்மாவின் தங்கச்சியின் மகள், ஆசிரியை. பெரியம்மாவின் நம்பரில் இருந்து வந்ததால் சந்தேகமே படாமல் அழைப்பிதழைத் திறந்திருக்கிறார். அவருடைய போனில் வங்கிச் செயலி இருந்தது. இரவு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். விடிய எழும்பினால் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போயிருக்கிறது.

பகலில் அவர் வங்கிச் செயலியைத் திறந்தபோது, அதன் மேல் கண்ணாடித்தாள் போட்ட மாதிரி அதே நிறத்தில், அதே இலச்சினையோடு ஒரு போலித்திரை வந்திருக்க வேண்டும். பாஸ்வேர்ட் அங்கே போயிருக்கும். இரவில் அவருடைய போனையே தூரத்தில் இருந்து இயக்கிக் காசை அனுப்பியிருக்கிறார்கள். வங்கியின் கண்ணுக்கு எல்லாம் சரி: அவருடைய போன், அவருடைய பாஸ்வேர்ட், அவருடைய நம்பருக்குப் போன ஓடிபி. வங்கியும் அதையே சொன்னது. பொலிசில் முறைப்பாடு எழுதினோம், கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட்டுக்கும் அறிவித்தோம். காசு போன கணக்கு அன்றைக்கே துடைத்து வைத்த சட்டி.

கடைசியில் பெரியம்மாவுக்கும் விசயம் போய்விட்டது. காசு போனவரை விட அவர்தான் அதிகம் அழுதார் என்று மகள் சொன்னாள். ஒரு மாதத்துக்குப் போனையே தொடவில்லையாம்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது போன மாதம். கையில் ஒரு பை, பை நிறைய மூலையில் மஞ்சள் பூசிய கார்ட்கள். மகளுக்கு இடம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை செட்டிபாளையம்.

"எல்லாருக்கும் மகள் போனில அனுப்பிப் பாத்தா மனே. ஒருத்தரும் திறக்கல்ல. என்ட பேரைக் கண்டாலே அழிக்காங்களாம். அதான் வீடு வீடாக் கொண்டு திரியிறன்."

"தம்பிலுவிலுக்கு?"

"அங்கதான் முதல் கார்ட். வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தா. மறுகா சிரிச்சா."

கவரில் என் பெயரை எழுதப் பேனை கேட்டார். கொடுத்தேன். நிதானமாக எழுதி, ஊதி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"உனக்கும் மகள் வட்ஸ்அப்பில அனுப்பினவளாம். பாத்தயா?"

"ஓம் பெரியம்மா, பாத்தன்" என்றேன்.

அவர் பாதைக்கு நேரமாகிறது என்று போன பிறகுதான் கார்டைப் பிரித்துக் கல்யாணம் என்றைக்கு என்று பார்த்தேன்.